கடலோரத் திடலும் கழகத்தின் கதவும்

கோல்ப் என்றவுடன் பசும்புல் வெளியும் நிழல் மரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அவ்வாட்டம் வளர்ந்த ஸ்காட்லாந்தில் அதன் பழைய களம் 'லிங்க்ஸ்' எனப்படும் கடலோர மணல்நிலமே. உழவுக்கு உதவாத அந்நிலத்தில் மரம் அரிது, காற்றே காவலன்.

எடின்பரோவுக்குக் கிழக்கேயுள்ள மியூர்பீல்டு அத்தகையது. 1744-இல் ஆட்டத்திற்கு 13 விதிகள் வகுத்த பழங்கழகம் 1891-இல் அங்குக் குடிபெயர்ந்தது. முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாகவும், அடுத்த ஒன்பது எதிர்த்திசையில் உள்வட்டமாகவும் அமைந்தமையால், ஆடுவோர் எத்திசைக் காற்றையும் எதிர்கொண்டே ஆகவேண்டும்.

எல்லாக் காற்றுக்கும் திறந்த அத்திடலில் முன்னர்ப் பெண்கள் விருந்தினராய் ஆட முடிந்தது, உறுப்பினராதல் இயலாதிருந்தது. 2016-இல் 64 விழுக்காட்டினர் இசைந்தும், மூன்றில் இரு பங்கு கிட்டாமையால் கதவு திறக்கவில்லை. பெண்களைச் சேர்க்காத இடத்தில் 'ஓபன்' போட்டி இல்லை என அதனை நடத்துவோர் அறிவித்தனர். 2017-இல் மீண்டும் வாக்கெடுப்பு. 80 விழுக்காட்டினர் இசைந்தனர். 2022-இல் மகளிர் 'ஓபன்' போட்டியே அங்கு நிகழ்ந்தது.

பிறர் கதவைக் குறை கூறல் எளிது. பிழைக்க வந்த ஊரில் நாம் அமைத்த சங்கங்களில், விழா நாளில் கோலமிடவும் பொங்கல் வைக்கவும் மகளிரை அழைக்கிறோம். செயற்குழுவில் அவருள் எத்துணைப் பேர் அமர்கின்றனர்? அடுத்த பொதுக்குழு கூடுமுன் நாம் எண்ணிப் பார்த்தல் நலம்.