கிரயம் வேண்டாம், குத்தகை போதும்

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பறையாட்டக் குழுக்களோடு அலைந்து நான் எடுத்து, இணையத்தில் போட்டு வைத்திருந்த காணொளிகளில் ஒன்றை ஒரு தயாரிப்பு நிறுவனம் கேட்டது. தொகை 15,000 ரூபாய். கூடவே மூன்று பக்க ஒப்பந்தம்: எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுக்க, என்றென்றைக்கும் உரிமை அவர்களுக்கே. உதவித்தொகை நின்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காணொளியில் அடிப்பவர் எங்கள் வாத்தியார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன்.

"சந்தோஷம் பாப்பா. நாளைக்கு அதே வீடியோவ நம்ம பசங்க ஒரு கூட்டத்துல போடணும்னா?"

"அவங்ககிட்ட அனுமதி கேட்கணும்."

"அப்ப அது கிரயம். எங்க தாத்தாவும் ரெண்டு ஏக்கர இப்படித்தான் கைநாட்டு வெச்சுக் குடுத்தாரு."

பேனாவைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னது பஞ்சமி நிலத்தை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892இல் தொடங்கி சென்னை மாகாணத்தில் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை இருந்தது. அப்படியும் பெரும்பகுதி கைமாறிப் போனது. அவசரத் தேவை, சிறு தொகை, படித்துப் பார்க்காத பத்திரம். என் மின்னஞ்சலில் இருந்ததும் இந்த மூன்றும்தான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒன்று உரிமை மாற்றம், அது கிரயம். இன்னொன்று உரிமம், அது குத்தகை. குத்தகையில் பொருள் உங்களுடையதாகவே இருக்கும். எதற்கு, எவ்வளவு காலம், எந்த நாட்டில் பயன்படுத்தலாம் என்பதை மட்டும் எழுதிக் கொடுக்கிறீர்கள். தனியுரிமை தராவிட்டால் ஒரே படத்தை இன்னும் நான்கு பேருக்கும் கொடுக்கலாம். வருடம் முடிந்தால் புதுப்பித்து மறுபடி பணம் வாங்கலாம். ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டுகள்தான், இடம் எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று சட்டமே வரம்பு போடுகிறது. "என்றென்றைக்கும்" என்ற சொல்லை அவர்கள் அவ்வளவு கவனமாக எழுதுவது இதனால்தான்.

இதைச் சொன்னால் நம் தோழர்களில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அறிவு பொதுச்சொத்து இல்லையா, பறையை விலை பேசலாமா என்கிறார்கள். அடவு யாருக்கும் சொந்தமில்லை. அதை யாரும் உரிமம் போட முடியாது, போடவும் கூடாது. நான் பேசுவது குறிப்பிட்ட ஒரு பதிவைப் பற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பைப் பற்றி. பழைய கல்வெட்டுகளில் "வெட்டி" என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. சாவுக்குப் பறையடிப்பது கடமை என்று ஊர் சொன்னபோது, அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். "உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்" என்று சொல்லி இலவசமாகக் கேட்பவரிடம் நமக்கு ஏன் கூச்சம்?

கூச்சத்தால் நானும் தவறு செய்திருக்கிறேன். தொடக்கத்தில் என் காணொளிகளை, பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டேன். அது வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும், கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாது என்பதைப் படிக்கவில்லை. ஒரு துணிக்கடை விளம்பரத்தில் எங்கள் குழு ஆடியது. ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர். வாத்தியார் பெயர் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு, அவரைக் கேட்காமலே அப்படிப் போட்டது. படம் பிடித்தவருக்கு ஓர் உரிமை இருப்பதுபோல, நிகழ்த்துகிற கலைஞருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு. அதற்கு ஆயுள் 50 ஆண்டுகள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, வணிகப் பயன்பாட்டில் அவருக்கு ராயல்டியும் உண்டு. கேமரா வைத்திருந்ததாலேயே முழு உரிமையும் எனக்கு என்று நினைத்திருந்தேன். நிலத்தைப் பற்றி ஆண்டைகள் நினைத்ததும் இதைத்தான்.

பெரிய வெற்றி வந்தால் இதெல்லாம் தானாகச் சரியாகும் என்று நம்ப வேண்டாம். நிலமற்ற உழைப்பாளிகளைப் பாடிய "எஞ்சாயி எஞ்சாமி" 2021இல் உலகம் முழுக்க ஒலித்தது. அதிலிருந்து தனக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அவர் நிலையே அது என்றால், கைப்பேசியில் பதிவு செய்து போடும் நம் நிலை என்ன?

உரிமை என்பது காசு மட்டுமல்ல. 1936இல் லாகூர் மாநாட்டு உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னபோது அண்ணல் மறுத்தார். மாநாடு ரத்தானது. "சாதி ஒழிப்பு" உரையைத் தன் செலவிலேயே அச்சிட்டார். எழுத்து அவர் கையில் இருந்ததால்தான் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன் என்று சொல்ல முடிந்தது.

அந்த நிறுவனத்துக்கு நான் திருப்பி எழுதினேன்: ஓர் ஆண்டு, அந்த ஒரே ஆவணப்படம், தனியுரிமை இல்லை, விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, கலைஞர்களின் பெயர் திரையில் வர வேண்டும், 6,000 ரூபாய். பதில் வரவில்லை. வேறு இரண்டு இடங்கள் ஒப்புக்கொண்டன. இரண்டும் சேர்ந்து இந்த ஆண்டு 9,000 ரூபாய். பாதி குழுவுக்கு. 15,000ஐ விட்டுவிட்டேன் என்று அம்மாவுக்கு இன்னும் வருத்தம். இதை வைத்துப் பிழைக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் அதே ஒப்பந்தம் அடுத்த ஆண்டும் புதுப்பிக்க வரும். நம் பசங்க கூட்டத்தில் போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது என் காணொளிகள் வணிகமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். இயக்கத்துக்குக் காசில்லை, சந்தைக்குக் காசுண்டு.

எழுதுகிற, பாடுகிற, படம் எடுக்கிற தோழர்களே, அடுத்த ஒப்பந்தம் வரும்போது மூன்றைப் பாருங்கள்: எவ்வளவு காலம், எதற்கு, அதில் இருக்கும் மற்றவர்களுக்கு என்ன பங்கு. மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். தாத்தாக்களுக்கு அந்தப் பத்திரத்தைப் படித்துக் காட்ட ஆளில்லை. நமக்குப் படிக்கத் தெரியும்.