வாய்க்காலுக்கு மேற்கே வாருங்கள்

புதுச்சேரித் தெருக்களில் பெட்டி ஒளித்து வைத்து விளையாட வேண்டும் என்று சில இளைஞர்கள் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுடைய திட்டத்தையும் வரைபடத்தையும் எனக்குக் காட்டி, என் அபிப்பிராயத்தையும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு முகஸ்துதி சொல்லி அனுப்புவது எளிது. அதைவிட, எனக்கு அதில் இருக்கும் ஆட்சேபணையை எல்லோரும் படிக்கும்படி எழுதிவிடுவதே அவர்களுக்கு நான் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

விளையாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர். இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய பொட்டல்வெளி. சேறும் பாறையும் மூடுபனியுமான பிரதேசம். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே கிரான்மியர் என்ற எட்டாத சதுப்பு ஒன்றில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்த கனவான்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர்கள், தங்கள் விலாசத்தைத் தாங்களே எழுதிய தபால் கார்டுகளை அங்கே வைத்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். முன்பின் தெரியாதவர் கைக்கு ஒரு காரியத்தை ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு வீடு திரும்புகிற இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. காலப்போக்கில் பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வந்து சேர்ந்தன. தேடி வருகிறவர் தம் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்துவார். பெட்டியின் முத்திரையைத் தம் நோட்டில் குத்திக்கொள்வார். 1998-ல் 'ஸ்மித்ஸோனியன்' பத்திரிகை இதைப்பற்றி எழுதியதும் அமெரிக்கர்களும் பிடித்துக்கொண்டார்கள். இப்போது நம் ஊர்ப் பிள்ளைகள்.

"வயது வந்தவர்கள் செய்கிற காரியமா இது?" என்று சிரிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். நூற்றெட்டுத் திருப்பதி என்றும் ஆறுபடை வீடு என்றும் கணக்கு வைத்து நடந்த ஜனங்கள் நாம். எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்ற ஆசை காலுக்கு எவ்வளவு பலம் தரும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஜப்பானில் 1931-ல் ஃபுகுயி ரயில் நிலையத்தில் தொடங்கிய முத்திரை வழக்கம் நாடு முழுவதும் பரவி, அங்கே பெரியவர்களும் நோட்டும் கையுமாக இறங்கி ஏறுகிறார்கள். நம் தபால் இலாகாவே புகழ்பெற்ற ஊர்களின் தபால் நிலையங்கள் சிலவற்றில் அந்தந்த ஊரின் சித்திரம் பொறித்த நிரந்தர முத்திரையை வைத்திருக்கிறது. ஆகவே முத்திரையைத் தேடி நடப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவன் தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்தால் எனக்குச் சந்தோஷமே.

பின்னே எதில் சண்டை? அந்த வரைபடத்தில்தான்.

அவர்கள் குறித்திருந்த அத்தனை பெட்டிகளும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தன. துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரொமேன் ரொலான் வீதி, கடற்கரைச் சாலை, பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்கா. வாய்க்கால் வந்ததும் கோடு கத்தரித்தாற்போல நின்றுவிடுகிறது. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கிழக்கே இருப்பதை வெள்ளை நகரம் என்றும் மேற்கே இருப்பதைக் கறுப்பு நகரம் என்றும் எழுதினார்கள். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் மாறியது. 2006-ல் ஊரின் பெயரே புதுச்சேரி என்று திரும்பியது. ஆனால் இன்றைய தமிழ் இளைஞன் பேனாவை எடுத்துக் கோடு போட்டால், அது கவர்னர் போட்ட இடத்திலேயே வந்து நிற்கிறது! யாரும் வற்புறுத்தவில்லை. தானாக நிற்கிறது. எனக்கு வருத்தம் தருவது அதுதான்.

"அந்தப் பக்கம்தானே பார்க்க அழகாக இருக்கிறது?" என்றார் ஒருவர். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைப்பற்றிச் சொல்லப்படும் கதையில் பாதி பொய். நேர்க்கோடாக ஓடும் இந்தத் தெருக்களை 'பிரெஞ்சு ஒழுங்கு' என்று புகழ்கிறார்களே, 1693-லிருந்து 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் வரைந்து வைத்த நகரப் படங்களை ஆராய்ந்து, இந்தக் கட்டம் போட்ட அமைப்பின் மூலம் அங்கே இருக்கிறது என்று காட்டியவர் ழான் தெலோஷ் என்ற பிரெஞ்சு அறிஞர். 1761-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கிழக்கே நாம் படம் பிடிக்கிற கட்டடங்கள் அதற்குப் பின் எழுந்தவை. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையோ அந்த இடிபாட்டுக்கும் முந்தியது என்று கருதப்படுகிறது. அது வாய்க்காலுக்கு மேற்கே, அவர் பெயரைத் தாங்கிய வீதியில் நிற்கிறது. பழமையைத் தேடி வருகிறவனைக் கிழக்கோடு திருப்பி அனுப்பினால், அவனை ஏமாற்றி அனுப்புகிறோம் என்றுதான் பொருள்.

இது வெறும் கௌரவப் பிரச்னை அல்ல. ஜனங்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அந்த வழிக்குப் பணம் வருகிறது. பணம் வந்தால் கூரை நிற்கிறது. கடற்கரைப் பக்கம் 1870-களில் கட்டிய மேரி கட்டடம் பல ஆண்டு கவனிப்பாரற்றுக் கிடந்து 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. ஊரே துக்கம் கொண்டாடியது. உலக வங்கியின் உதவியோடு பழைய உருவிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள். நல்ல காரியம். ஆனால் மேற்கே ஒரு தாழ்வாரம் சரிந்தால்? தெருவை நோக்கிய மரத்தூண்களும், ஓட்டுச் சரிவும், அதன் கீழ்த் திண்ணையும், உள்ளே முற்றமும் உள்ள ஒரு வீடு, அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில் ஒரு மாதத்தில் தரையாகி, மறு வருஷம் அடுக்குமாடியாக எழும்புகிறது. அதற்கு யார் துக்கம் கொண்டாடினார்கள்?

வேறு வழி உண்டு என்பதற்கு வைசியாள் வீதியே சாட்சி. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா உர்ப்ஸ்' திட்டத்தில், 'இன்டாக்' அமைப்பின் துணையோடு அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைப் பழையபடி சீர் செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்தத் தெருவுக்கு விருது கொடுத்தது. உலகம் விருது கொடுத்த தெரு ஒன்று மேற்கே இருக்கிறது. நம் பிள்ளைகளின் வரைபடத்தில் அது இல்லை!

இனி இரண்டாவது ஆட்சேபணைக்கு வருகிறேன். இது இடத்தைப் பற்றியது அல்ல, ஒளிப்பதைப் பற்றியது.

டார்ட்மூரில் ஏன் ஒளித்து வைத்தார்கள்? அங்கே மனிதர் கிடையாது. பெட்டியைக் காவல் காக்கப் பாறையிடம்தான் ஒப்படைக்க முடியும். புதுச்சேரித் தெரு பொட்டல்வெளியா? வாசலுக்கு வாசல் ஆள் இருக்கிறார்கள். கோலம் போடுகிறவள், பேப்பர் படிக்கிறவர், இஸ்திரி வண்டிக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தைகள். அவர்கள் கண்ணில் படாமல் அவர்கள் சுவரின் இடுக்கில் ஒரு டப்பாவைச் செருகிவிட்டு, ஊர் பேர் தெரியாதவர்களை அந்தச் சுவரைத் தடவ அனுப்புவது என்ன நியாயம்? இங்கிலாந்தில் வெதர்பி என்ற சிறு பட்டணத்தில் 2011-ல், இதன் தம்பி விளையாட்டான 'ஜியோகேச்சிங்'குக்காக ஒருவர் ஒளித்த டப்பாவைப் பார்த்து மிரண்டு, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து அதைத் தகர்த்தார்கள். அங்கேயே அப்படியென்றால் இங்கே கேட்க வேண்டுமா?

இந்த ஊருக்கு ஒளித்து வைத்த பெட்டியின் அனுபவம் முன்பே உண்டு. பாரதி 1908-லிருந்து 1918 வரை இங்கே இருந்தார், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910-ல் வந்து சேர்ந்தார்கள். எல்லைக்கு அப்பால் இருந்த ஆங்கிலேய ஆட்சியின் ஒற்றர்கள் இவர்களைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். 1912-ல் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்த வேலைக்காரியின் கையில் ஒரு ஜாடி அகப்பட்டது. திறந்தால், உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள்! யாரோ ஒற்றன், இவர்களைச் சிக்க வைப்பதற்காகப் போட்டது. பாரதியின் யோசனைப்படி அவர்களே அதைப் பிரெஞ்சுப் போலீசாரிடம் தெரிவித்துவிட்டார்கள். பிறகு புகாரின் பேரில் சோதனைக்கு வந்த மாஜிஸ்திரேட், அரவிந்தர் வீட்டில் கிரேக்க, லத்தீன் புத்தகங்களைக் கண்டு மரியாதையோடு திரும்பிப் போனார்.

இளைஞர்களின் டப்பாவையும் ஒற்றனின் ஜாடியையும் நான் ஒன்றாக்கவில்லை. ஒருவர் வீட்டில் அவருக்குத் தெரியாமல் ஒரு பொருளை வைப்பவன், நல்லவனாகவே இருந்தாலும், அந்த வீட்டுக்காரருக்குத் தன் பேரில் சந்தேகப்படும் உரிமையைக் கொடுத்துவிடுகிறான் என்று மட்டும் சொல்லுகிறேன்.

ஆகவே பெட்டியை ஒளிக்காதீர்கள், ஆளிடம் கொடுங்கள். முத்திரையும் நோட்டும், இசைந்த ஒரு வீட்டிலோ ஒரு டீக்கடையிலோ ஒரு தையற்காரரின் மேஜை இழுப்பறையிலோ இருக்கட்டும். துப்பு மட்டும் மறைவாக இருக்கட்டும். தேடி வருகிறவன் தெருவைப் படித்து, சரியான வாசலைக் கண்டுபிடித்து, "ஐயா, முத்திரை இங்கேதானா?" என்று வாய் திறந்து கேட்க வேண்டும். வாய் திறந்து கேட்காமல் ஒரு ஊரைச் சுற்றிவிட்டுப் போகிற சௌகரியத்தைச் செல்போன் ஏற்கனவே தந்துவிட்டது. அதற்கு இன்னொரு விளையாட்டு வேண்டியதில்லை.

துப்புக்கா பஞ்சம்? வீதிப் பலகைகளைப் படித்தாலே போதும். தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய அந்தப் பலகைகளில் பாதிப்பேருக்குக் கதை இருக்கிறது. துய்ப்ளேக்ஸ் பெயர் கொண்ட வீதி நேரு வீதியாயிற்று. இந்தியாவுக்கே வராத ரொமேன் ரொலானுக்கு இங்கே ஒரு வீதி இருக்கிறது. மிஷன் வீதி மாதா கோயிலிலிருந்து மகாத்மா காந்தி வீதியில் உள்ள வேதபுரீசுவரர் கோயிலுக்கு ஒரு துப்பு அமையுங்கள். பழைய வேதபுரீசுவரர் கோயில் அந்த மாதா கோயிலை அடுத்து இருந்தது. 1748-ல் துய்ப்ளேக்ஸின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. அதை எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 ஜனவரியில், ஊர் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு இறக்கும் வரை, தமிழில் எழுதிய அந்த நாட்குறிப்பு பல காலம் மறைந்து கிடந்து, 1846-ல் கலுவா-மோன்ப்ரன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

மேற்கே போங்கள் என்கிறேனே தவிர, மேற்கே எல்லாம் பொன் என்று நான் பசப்பவில்லை. கிழக்கையும் மேற்கையும் பிரித்தது நிறம் என்றால், மேற்கைத் தெருத்தெருவாகப் பிரித்தது ஜாதியும் மதமும். வைசியாள் வீதி, செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, முல்லா வீதி என்று பெயர்களே சாட்சி சொல்கின்றன. நாம் பெருமையாகப் பேசுகிற திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. உட்காரக் கூடாதவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குடியிருப்புகள் இந்தக் கட்டத்துக்கும் வெளியே இருந்தன. அதையும் ஒரு துப்பாக எழுதத் துணிவு வேண்டும். அந்தத் தெருக்கள் அத்தனையிலும் ஒரே நோட்டுப் புத்தகத்தோடு ஏறி இறங்கி, எல்லா வாசலிலும் முத்திரை வாங்கி வருகிற ஒரு பையனோ பெண்ணோ, நம் முன்னோர் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தவர்களாவார்கள்.

"வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாகாதா?" என்று கேட்பார்கள். ஆகும். ஆகவே இசையாத வீட்டை விட்டுவிடுங்கள். இசைந்த வீட்டுக்கு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் 4 மணிக்கு மேல் என்றால் யாருக்கும் தூக்கம் கெடாது. துப்பைத் தமிழில் எழுதுங்கள். வெளியூரார் வேண்டுமானால் உள்ளூரார் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அதுவும் விளையாட்டில் சேர்த்திதான். முத்திரையை இங்கேயே உள்ள ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரரிடம் வெட்டச் சொல்லுங்கள்.

அந்த வரைபடத்தை வைத்திருக்கும் இளைஞர்களுக்கு ஒரே வேண்டுகோள். கோட்டை அழித்து, வாய்க்காலைத் தாண்டி மறுபடியும் போட்டுக்கொண்டு வாருங்கள். அப்படிக் கொண்டுவந்தால், வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் என் வீட்டுத் திண்ணையில் ஒரு முத்திரையை வைத்துக்கொள்ள நான் தயார். யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். மை காய்ந்து போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது.