கொதிநிலை 357 டிகிரி... பிறகு எப்படி வீட்டுக்குள்ளேயே ஆவியாகிறது பாதரசம்?

காய்ச்சல் பார்க்க தெர்மாமீட்டரை உதறும்போது கை நழுவிவிடுகிறது. டைல்ஸ் தரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். கட்டிலுக்கு அடியில் வெள்ளி முத்துகளாக உருண்டோடுகிறது பாதரசம். குழந்தைகளுக்கு அது விளையாட்டுப் பொருள். பெரியவர்களோ துடைப்பத்தை எடுத்துக் கூட்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இரண்டுமே தப்பு!

'பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ் ஆச்சே, வீட்டுச் சூட்டில் எங்கே ஆவியாகப் போகிறது?' என்று பள்ளிப் பாடத்தை மறக்காதவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தண்ணீர்கூட 100 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஆனால், கொடியில் போட்ட ஈர வேட்டி 30 டிகிரியிலேயே காய்ந்துவிடுகிறதே! திரவத்தின் உள்ளேயிருந்தே குமிழ் கிளம்பும் வெப்பம்தான் கொதிநிலை. மேற்பரப்பிலிருந்து ஆவியாக அவ்வளவு சூடு தேவையில்லை. பாதரசமும் அப்படித்தான். தண்ணீரைவிட மிக மிக மெதுவாக, ஆனால் விடாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது.

உலோகங்களில் இது ஒரு தனிப்பிறவி. தனிம அட்டவணையில் பக்கத்து வீட்டுக்காரரான தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும். பாதரசம் உறைவதோ மைனஸ் 39 டிகிரியை ஒட்டி. அது உறையவே உறையாது என்றுகூட ஒரு காலத்தில் நம்பினார்கள். 1759 டிசம்பரில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரக் கடுங்குளிரில் ஜோசப் ஆடம் பிரவுன் என்ற விஞ்ஞானி பனியோடு நைட்ரிக் அமிலத்தைக் கலந்து குளிரை இன்னும் கூட்டினார். உள்ளே வைத்த தெர்மாமீட்டரின் பாதரசம் கெட்டியானது. சுத்தியலால் தட்டியதும், மற்ற உலோகங்களைப் போலவே தட்டையானது!

இன்னொரு ஆச்சரியம்... தெர்மாமீட்டர் பாதரசம் வயிற்றுக்குள் போனால் உடல் அதைப் பெரும்பாலும் ஏற்காமல் வெளியேற்றிவிடும். (கண்ணாடித் துண்டு போயிருக்கலாம் என்பதால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.) மூச்சில் போகும் ஆவியோ சுமார் 80 சதவிகிதம் உடலில் தங்கிவிடும். நரம்புகளும் சிறுநீரகமும்தான் அதன் இலக்கு.

கொடைக்கானலில் இது வெறும் பாடமல்ல. அங்கிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, பழைய பொருள் கடை ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. 2001-ல் ஆலை மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதாகத் தொழிலாளர்கள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது. 2016-ல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம் தர உடன்பாடு ஏற்பட்டது.

ஒரு தெர்மாமீட்டரில் இருப்பது ஒரு கிராம் அளவுதான், பதறத் தேவையில்லை. குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் வெளியே அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஃபேன், ஏ.சி-யை அணைத்துவிடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். தங்கத்தோடு பாதரசம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும், நகை வெளுத்துவிடும். துடைப்பம், வேக்குவம் கிளீனர் இரண்டும் வேண்டாம். துளிகளை அவை இன்னும் சிறிதாக்கிப் பரப்பிவிடும். விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் ஒளிந்திருக்கும் துளிகள் பளிச்சிடும். இரண்டு கெட்டி அட்டைகளால் ஒன்றுசேர்த்து, மிச்சத்தை செல்லோ டேப்பில் ஒற்றி எடுங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள். பாதரசம் பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

உடைந்த பாதரச தெர்மாமீட்டர், 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே 'வீட்டு அபாயக் கழிவு' என்று சேர்க்கப்பட்டது. எனவே, பாட்டிலின் மேல் 'பாதரசம்' என்று எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல், உள்ளே இருப்பது என்ன என்று சொல்லியே தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆவியை அடுத்து சுவாசிப்பவர் அவராகத்தான் இருப்பார்.