ஆவடி டாங்கி, 28 சென்டிமீட்டரில்

மைசூருக்குத் தெற்கே 60 கி.மீ. தொலைவில் ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் சாலை பிரிகிற ஊர் குண்டலுபேட்டை. இப்படியொரு சிற்றூரில் இருக்கும் மாடல் பிரியர் ஒருவருக்கு ஜெர்மன் டைகர் டாங்கி வேண்டுமென்றால் இன்று சிரமமே இல்லை. ஜப்பானின் டாமியா கம்பெனி தயாரித்த பிளாஸ்டிக் கிட் கூரியரில் வீடு தேடி வரும். அமெரிக்க பாட்டனும் கிடைக்கும், பிரிட்டிஷ் செஞ்சூரியனும் கிடைக்கும். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் தயாரான விஜயந்தாவைச் செய்ய ஆசைப்பட்டால்தான் தகராறு. அதற்கான கிட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இத்தனைக்கும் விஜயந்தா ஒன்றிரண்டு செய்து கைவிடப்பட்ட வண்டி அல்ல. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. 1963-ல் முதல் மாதிரி தயாரானது. தொடக்கத்தில் 90 டாங்கிகள் அங்கிருந்தே வந்தன. மற்றவை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவானவை. மொத்தம் சுமார் 2,200. 1971 போரில் களம் கண்டு, 2008 வாக்கில் ஓய்வு பெற்றது. ஆனால் உலகச் சந்தையில் டைகருக்கு இருக்கும் கவர்ச்சி இதற்கு இல்லை. தோற்றவர்களின் டாங்கிதான் அதிகம் விற்கிறது என்பது இந்தப் பொழுதுபோக்கின் விசித்திரம்.

ஆகவே கையால்தான் செய்தாக வேண்டும். அளவு 1:35. இந்த எண்ணுக்கு ராணுவக் காரணம் எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் டாமியா தன் பேந்தர் டாங்கி பொம்மைக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடலை அமைத்தது. அது ஏறக்குறைய 35-ல் ஒரு பங்காக அமைந்துவிட்டது. அதுவே உலக வழக்கமாகிவிட்டது.

கணக்கு போட்டால் சுவாரஸ்யம். பீரங்கி முன்னோக்கி இருக்கையில் விஜயந்தாவின் நீளம் ஏறக்குறைய 9.8 மீட்டர். மேஜையில் அது 28 செ.மீ. அகலம் 9 செ.மீ. அதிகபட்சமாக 80 மி.மீ. தடிமனுள்ள கவசம் 2.3 மி.மீ. பி.வி.சி. ஷீட்டாகிறது. 105 மி.மீ. பீரங்கியின் துளை 3 மி.மீ., அதாவது பால்பாயிண்ட் பேனா ரீஃபில் நுழையும் அளவு. பக்கத்துக்கு ஆறு சக்கரம், மேலே மூன்று சிறிய உருளைகள். செயினைக் கண்ணி கண்ணியாக வெட்டிக் கோக்க வேண்டும். பொறுமை தீர்ந்து பாதியில் நிற்கும் மாடல்களில் பெரும்பாலானவை இங்கேதான் நிற்கும்.

கெட்டிக்காரர்கள் செஞ்சூரியன் கிட்டிலிருந்து பீரங்கியை எடுத்துக்கொள்வார்கள். அதில் தவறில்லை, அசலிலும் அப்படித்தான். பின்னாளைய செஞ்சூரியன்களில் பொருத்தப்பட்ட அதே எல்7 பீரங்கிதான் விஜயந்தாவிலும். இன்ஜின் சீஃப்டன் டாங்கியின் வகை: லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன்.

பெரிய தடை அளவெடுப்பது. 1965-ல் பாகிஸ்தானிடமிருந்து பிடித்த பாட்டன்கள் பல நகரங்களில் வெற்றிச் சின்னங்களாக நிற்கின்றன. யாரும் டேப் பிடித்து அளக்கலாம். சொந்த டாங்கியை ராணுவ வளாகத்துக்குள் போய் அளக்க முடியுமா? மகாராஷ்டிராவில், முன்பு அகமதுநகர் என்றிருந்த ஊரிலுள்ள டாங்கி அருங்காட்சியகத்தில் விஜயந்தா நிற்கிறது. குண்டலுபேட்டைக்காரருக்கு அது இரண்டு நாள் பயணம். ஓய்வு பெற்றுவிட்ட ஒரு வண்டியின் வரைபடங்களை வெளியிட்டால் எந்த ரகசியம் போய்விடும் என்பது தெரியவில்லை.

செய்தது எந்த ஆண்டின் வண்டி என்பதும் முக்கியம். ஆரம்பத்தில் தூரம் கணிக்க 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி இருந்தது. முதலில் அதைச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் பீரங்கிக்குக் குறி வைப்பார்கள். பின்னாளில் சில டாங்கிகளுக்கு லேசர் கருவி வந்தது. 1971 வண்டி என்று எழுதிவிட்டு லேசரைப் பொருத்தினால் அசிங்கம். வண்ணமும் அப்படியே. வாசலில் கிடக்கும் செம்மண்ணைக் கரைத்துச் சக்கரத்தில் பூசினால், பஞ்சாப் வண்டலில் உழன்ற டாங்கி ஒரே நாளில் மைசூர்ச் சீமைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் சொல்லித் திருத்த ஆள் வேண்டும். மாடலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்காமல் நாலு பேருக்குக் காட்டுவதன் பலன் அதுதான். இதற்கென்றே பிரிட்டனில் 1963-ல் சர்வதேச பிளாஸ்டிக் மாடலர்கள் சங்கம் தொடங்கியது. ஆனால் அங்குள்ள நடுவரைவிட, ஆவடியில் வெல்டிங் செய்து ஓய்வு பெற்றவரும் டாங்கிக்குள் குண்டு நிரப்பியவருமே விஜயந்தாவுக்குச் சரியான பரீட்சகர்கள். 1965-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது. கோபுரத்துக்குப் பின்னால் தண்ணீர் கேனை எந்தப் பக்கம் கட்டினார்கள் என்று எந்தப் புத்தகமும் சொல்லாவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார். அவர் வந்து பார்க்கும்வரை கேனை ஒட்டாமல் வைத்திருப்பது நல்லது.