இயற்கை எழுதிய உறுதியா?

ஆண் ஆளப் பிறந்தவன், பெண் அவன் நிழலில் வாழப் பிறந்தவள், இது இயற்கையின் ஏற்பாடு என்ற பேச்சை எமது கிராமக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். வீட்டுத்திட்டப் பட்டியலில் யார் பெயரை எழுதுவது, காணிக்கு யாரை விண்ணப்பிக்கச் சொல்வது என்ற கேள்வி வரும் நேரத்தில்தான் இந்தப் பேச்சும் வரும். முன்பு இதற்கு வேதாகமத்தைத் துணைக்கு அழைத்தார்கள். இப்போது படித்த இளைஞர்கள் விஞ்ஞானத்தை அழைக்கிறார்கள். ஆதிகாலத்தில் ஆண் வேட்டைக்குப் போனான், பெண் குகைக்குள் பிள்ளை பார்த்தாள், அதனால் அவனுக்கு அதிகாரமும் இவளுக்கு அடக்கமும் இரத்தத்தில் ஊறிவிட்டன என்பது அவர்கள் கற்ற கூர்ப்புப் பாடம்.

கூர்ப்பு என்றவுடன் விசுவாசிகள் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. அது வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டதென 1996 இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே ஏற்றுக்கொண்டார். கேட்க வேண்டியது வேறொன்று. கூர்ப்பு உண்மையில் இதைத்தான் சொல்கிறதா?

சராசரியாக ஆணின் உடல் பெண்ணின் உடலைவிடப் பெரியது, வலியது. எந்த நாட்டை எடுத்தாலும் கொலை, அடிதடி ஆகியவற்றில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஆண்களே. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் உடல் வலிமையிலிருந்து அதிகாரத்துக்கு நேர்வழி ஒன்று இருப்பதாக உயிரினங்களின் உலகம் காட்டவில்லை. எமது வயலை அழிக்க வரும் யானைக் கூட்டத்தைப் பாருங்கள். அது தாய்மாரும் சகோதரிகளும் கன்றுகளும் சேர்ந்த கூட்டம். எல்லாரிலும் பெரிய உடம்பு படைத்த ஆண் யானை, பருவம் வந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியனாகத் திரிகிறது. மனிதருக்கு மிக நெருங்கிய குரங்கினங்கள் இரண்டு. அவற்றில் சிம்பன்சிகளிடையே ஆணின் அடாவடித்தனம்தான் சட்டம். மற்றதாகிய பொனோபோவிலும் ஆண்தான் பெரிது. எனினும் அங்கே பெண்கள் ஒன்றாய் நிற்பதால் ஆண்கள் அடங்கி நடக்கின்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அந்தப் பெண் பொனோபோக்கள் கூடப்பிறந்தவை அல்ல. வெவ்வேறு கூட்டங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. முகாமில் வெவ்வேறு ஊராரோடு வாழ நேர்ந்த பெண்கள் இதை மனத்தில் கொள்ளலாம்.

வேட்டைக் கதையும் அப்படியே நிற்கவில்லை. கலகாரிப் பாலைவனத்து மக்களின் உணவில் பாதிக்கு மேற்பட்டது, பெரும்பாலும் பெண்கள் சேகரித்த கொட்டைகளும் கிழங்குகளுமே என்று 1960களிலேயே அளந்து எழுதிவிட்டார்கள். தன்சானியாவின் ஹட்சா மக்களிடம் பேரப்பிள்ளைகளின் வளர்ச்சிக்குக் கிழங்கு தோண்டிக் கொடுக்கும் பாட்டியின் உழைப்பு எவ்வளவு முக்கியம் என்பதும் கண்டறியப்பட்டது. அம்மம்மாவின் கையில் வளர்ந்த எமக்கு இதை ஆராய்ச்சி செய்துதான் சொல்ல வேண்டுமா என்பது வேறு விஷயம்.

உண்மையில் இந்த வாதத்துக்கு ஆபிரிக்கா வரை போகத் தேவையில்லை. செட்டிபாளையத்தில் ஒரு வளவுக்குள் போய் இது யாருடைய வீடு என்று கேட்டால் போதும். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஒருவரது குடி தாயின் குடியே. உலகிப்போடி குடித் தாய்க்குப் பிறந்த பிள்ளை, தகப்பன் காலிங்கா குடியாக இருந்தாலும் உலகிப்போடி குடிதான். இதற்கு நாம் வைத்திருக்கும் சொல்லே வயிற்றுவார் என்பது. கலியாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். அந்த வீடு அவளுடைய சீதனம். அடுத்த மகளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வீடு எழும்பும். இவ்வாறு அக்காவும் தங்கையும் தாயும் வேலிக்கு வேலி கூப்பிடு தூரத்தில் வாழ்கிறார்கள். எமது முஸ்லிம் அயலவர்களிடமும் குடியும் பெண் வீட்டு வாழ்வும் இதே மாதிரிதான். அடிக்கக் கை ஓங்கும் கணவன், தான் நிற்பது யாருடைய முற்றத்தில் என்று ஒரு தரமாவது யோசிக்க வேண்டியிருந்தது.

இதனை ஒத்த ஒரு சமூகம் இந்தியாவின் மேகாலயாவில் வாழும் காசி மக்கள். அங்கே குடும்பச் சொத்து இளைய மகளுக்குச் செல்லும். அவர்களையும், ஆணாதிக்கம் கடுமையாயுள்ள தன்சானியாவின் மசாய் மக்களையும் ஒப்பிட்டு 2009 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூன்று மீற்றர் தூரத்திலுள்ள வாளிக்குள் பத்துத் தடவை பந்து எறிய வேண்டும். விழுந்த பந்துக்கு ஏற்பச் சிறு தொகை வாங்கலாம், அல்லது இன்னொருவரோடு போட்டியிட்டு வென்றால் மூன்று மடங்கு பெறலாம். மசாய் ஆண்களில் 50 வீதமானோர் போட்டியைத் தெரிந்தனர், பெண்களில் 26 வீதமானோர் மட்டுமே. காசி மக்களிடையே இது தலைகீழாயிற்று: பெண்களில் 54 வீதம், ஆண்களில் 39 வீதம். போட்டி மனப்பான்மை ஆணின் இரத்தத்தில் மட்டும் ஓடுவது என்றால் இந்தக் கணக்கு எப்படி வந்தது?

அப்படியானால் தாய்வழி முறை எங்கிருந்து வருகிறது, ஏன் சில இடங்களில் அழிகிறது? கூர்ப்பு ஆய்வாளர்கள் இதற்கும் ஒரு விடை தேடினார்கள். ஆபிரிக்காவின் பண்டு மொழிச் சமூகங்களை ஆராய்ந்த இருவர், மாடு வளர்க்கத் தொடங்கிய இடங்களில் தாய்வழி முறை மறைந்து போவதை 2003 இல் எடுத்துக் காட்டினார்கள். அங்கே மாடு கொடுத்தே பெண் எடுக்க வேண்டும். ஆகவே மந்தை மகனுக்குப் போகிறது, வாரிசும் அவன் வழியே திரும்புகிறது. படுவான்கரையில் பட்டி பட்டியாக மாடு நின்றும் எமது குடிமுறை கலையவில்லை என்பதால் இதை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. எனினும் ஒன்று விளங்குகிறது. சொத்து யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைக் கொண்டே ஆண் பெண் உறவு உருவெடுக்கிறது. சொத்து கைமாறினால் இயற்கை என்று நாம் நினைத்ததும் மாறிவிடும்.

எமது முறையை நான் பொற்காலமாக்க வரவில்லை. குடி தாயால் வந்தாலும் கோயிலில் வண்ணக்கராக அமர்பவர் ஆண். பழைய முக்குவச் சட்டத்தில் முதுசம் தாய்வழியில் இறங்கியது, ஆனால் அதன் பலனைப் பெருமளவு அனுபவித்தவர்கள் தாய்மாமனும் மருமகனுமே. பிறிற்றோ என்பவர் அந்தச் சட்டத்தைத் தொகுத்து வெளியிட்ட 1876 ஆம் ஆண்டிலேயே புதிய மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பின்னர் பெண்ணின் பங்கு சீதனமாகவே பெரும்பாலும் நிலைத்தது. அந்தச் சீதனத்துக்காகப் பெற்றோர் கடன்படுவதையும், அண்ணன்மார் வெளிநாடு போய் உழைத்து மாய்வதையும் நாம் அறிவோம். ஆனாலும் யாழ்ப்பாணத்துத் தேசவழமையின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்கவும் கணவனின் சம்மதம் தேவை. கிழக்கில் அந்தக் கட்டு இல்லை. சிறிய வித்தியாசமல்ல இது.

இடப்பெயர்வு இந்த அத்திவாரத்தில்தான் அடித்தது. 2007 இல் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்த குடும்பங்கள் வீட்டையும் வயலையும் மட்டும் விட்டு வரவில்லை. அக்கா தங்கை வளவுகளின் அடுக்கையும் விட்டு வந்தன. கூடாரம் பட்டியல் வரிசைப்படி கிடைக்கும், குடி வரிசைப்படி கிடைக்காது. தன் வீட்டில் இருந்தவள் ஒரே இரவில் கணவனின் நிவாரண அட்டையில் ஓர் எண்ணாகிப் போனாள். அதற்கு முன்னரே, 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளில் இந்தக் கரையோரத்தில் அழிந்த வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். மாற்று வீடு வந்தபோது படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அதில் கணவனின் பெயரே விழுந்தது. மனைவியின் தகப்பன் வியர்வை சிந்திக் கட்டிய வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்த வீடு கணவனுடையதாயிற்று. இதைச் செய்தது இயற்கையா, ஒரு கடதாசித் துண்டா?

அரச காணியிலும் அதுதான் கதை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதவிடத்து மகள்மாருக்கு முன் மகன்மார் நின்றார்கள், அவர்களுள்ளும் மூத்தவனே முதல்வன். மகளுக்குக் காணி கொடுத்துப் பழகிய எமது மக்களின் பெர்மிட் வயல்களுக்கும் இந்த அந்நிய வரிசை பொருந்தியது. 2022 இன் திருத்தச் சட்டத்தோடுதான் ஆண், பெண் பேதம் அதிலிருந்து நீங்கியது. எண்பத்தேழு ஆண்டுகள்! எண்ணிக்கை நூலின் 27 ஆம் அதிகாரத்தில் செலொபுகாதின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன் போய் நின்று தகப்பனின் காணியைக் கேட்டார்கள், ஆண்டவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். எமது சட்டமன்றம் அவரைவிட நிதானமாகவே நடந்திருக்கிறது.

சட்டம் மாறியதால் பெட்டியிலுள்ள பழைய பெர்மிட் தானாக மாறிவிடாது. அதை எடுத்து விரித்துப் பார்ப்பது நல்லது. பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? வெறுமையாக இருக்கிறதா? மகளையோ மனைவியையோ அங்கே நியமிக்கப் பழைய சட்டத்திலும் தடை இருக்கவில்லை. எவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த நியமனம் பெர்மிட்காரர் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அவர் கண்மூடிய பிறகு கொண்டுபோகும் கடிதம் செல்லாது. ஆகையால் வரும் போகத்துக்கு விதை நெல் எடுக்க முன்னர், கணவனும் மனைவியும் சேர்ந்தே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். தனியே வாழும் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போகலாம்.