குளக்கரை ஆலமரத்தில் இருப்பது மரகதப்புறா இல்லை



பெரியதாழையிலிருந்து சாத்தான்குளம் போகும் வழியில், குளக்கரை ஆலமரத்தில் எடுத்த படம் ஒன்றை நம் பழைய மாணவர் குழுவில் ஒரு தம்பி போட்டிருந்தார். "நம் மாநிலப் பறவை மரகதப்புறா இங்கேயே இருக்கு சார்" என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் கைதட்டியிருந்தீர்கள். படம் அருமை. பெயர்தான் தப்பு. ஓய்வு பெற்றாலும் சிவப்பு மை கையை விட்டுப் போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரகதப்புறாவுக்குச் சிறகும் முதுகும்தான் பச்சை. மார்பு இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, அலகு நல்ல சிவப்பு. காட்டுத் தரையில் நடந்து விதையும் உதிர்ந்த பழமும் பொறுக்கும். அதைப் பார்க்க மலைக்காட்டுப் பக்கம் போகவேண்டும்.

தம்பி படம் பிடித்தது பச்சைப்புறா. மஞ்சள்கால் பச்சைப்புறா என்பது முழுப்பெயர். மாடப்புறா அளவு இருக்கும். உடம்பு மஞ்சள் கலந்த பச்சை, தலை சாம்பல், தோளில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு, இறக்கையில் மஞ்சள் கோடு. பச்சைப்புறா இனங்களில் பலவற்றுக்குக் கால் சிவப்பாக இருக்கும். இதற்கோ மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் கால். மகாராஷ்டிரத்துக்காரர்கள் இதை ஹரியல் என்று கூப்பிட்டு, தங்கள் மாநிலப் பறவையாகவே வைத்திருக்கிறார்கள்.

இது தரைக்கு வருவது அபூர்வம். ஐம்பது பறவை ஒரு மரத்தில் இருந்தாலும் நமக்கு இலைதான் தெரியும். ஆள் அரவம் கேட்டால் அசையாமல் உட்கார்ந்துவிடும். பார்க்க வேண்டுமானால் விடிந்ததும் போங்கள். உச்சிக்கிளையில் கூட்டமாக வெயில் காயும். குரலும் மாடப்புறாவின் முனகல் மாதிரி இருக்காது, சீட்டியடிப்பது போல இழுத்து இனிமையாக வரும். கூடு மட்டும் படு மோசம். நாலு குச்சியை அடுக்கி அதில் இரண்டு வெள்ளை முட்டை, கீழிருந்து பார்த்தால் சில நேரம் முட்டையே தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது. கோடையில் மொட்டைமாடியில் கம்பும் அரிசியும் வைக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் அது மாடப்புறாவுக்கும் காக்கைக்கும்தான் போகும். பச்சைப்புறா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்குப் பழம் வேண்டும். முக்கியமாக ஆலம்பழம், அரசம்பழம், அத்திப்பழம், இத்திப்பழம். ஒரு ஆலமரம் பழுத்தால் மொத்தமாகப் பழுத்து, கொஞ்ச நாளில் காலியாகிவிடும். பக்கத்து ஆலமரம் வேறொரு மாதத்தில் பழுக்கும். ஆகவே ஒரு கூட்டம் வருஷம் முழுக்கச் சாப்பிட ஒரு மரம் போதாது. சுற்றுவட்டாரத்தில் பல மரம், பல வகையில் வேண்டும். சாலையை அகலப்படுத்த ஒரு பெரிய ஆலமரத்தை வெட்டும்போது நாம் ஒரு மரம் போனது என்று கணக்கு எழுதுகிறோம். பறவைக்கோ சில வாரச் சாப்பாடு போகிறது.

அதற்குப் பதில் நாம் என்ன நடுகிறோம்? பள்ளி விழா, கோயில் திருவிழா, பிறந்தநாள் எதுவானாலும் சீக்கிரம் வளரும் அழகு மரக்கன்றுதான். கெபியைச் சுற்றிக் குரோட்டன்ஸ். படம் எடுக்க நன்றாக இருக்கும், தின்ன ஒன்றும் இருக்காது. ஆலமரம் என்றால் "வேர் சுவரைப் பிளக்கும் சார்" என்கிறீர்கள். உண்மைதான். வீட்டோரம் நடச் சொல்லவில்லை. கடலோர மணலிலும் வேண்டாம். ஊருக்கு மேற்கே குளக்கரை இருக்கிறது, களத்து ஓரம் இருக்கிறது.

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பறவைகள் விதை பரப்பும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். மைனா, குயில், கொண்டைக்குருவி, குக்குறுவான் எல்லாம் அதைச் செய்யும். பச்சைப்புறாவின் இரைப்பை அம்மி மாதிரி, ஆலம்விதையில் பெரும்பகுதியை அரைத்துவிடும். அதனால் மரத்துக்குப் பெரிய லாபம் இல்லை. சுட்டுத் தின்ன நினைப்பவருக்கு வேண்டுமானால் லாபம், 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். லாபம் இல்லாத ஒரு பறவைக்கு இடம் கொடுக்க நாம் ஏன் யோசிக்கவேண்டும்? ஆலமரம் யோசிக்கவில்லையே. வெளிநாட்டு வாத்தைப் பார்க்கக் கூந்தன்குளத்துக்கு வேன் பிடித்துப் போகிறோம், போகலாம். வழியிலுள்ள ஆலமரத்தடியில் பத்து நிமிஷம் நின்று மேலே பாருங்கள்.

கன்றுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஆலுக்குப் போத்து போதும். கைத்தடிமன் கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டி, மேல்நுனியில் சாணி அப்பி, இரண்டடிக் குழியில் இறுக்கி நட்டால் போதும். மழை பிடித்தால் துளிர்த்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். கத்தாரிலும் கப்பலிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் சொல்லி வையுங்கள். உங்கள் பக்கம் குளக்கரையில் இடம் இருந்தால், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். போத்து நான் பார்த்து வைத்திருக்கிறேன். கடப்பாரையும் குழி தோண்ட இரண்டு ஆளும் நீங்கள் கொண்டு வரவேண்டும்.