எந்தக் கட்சியின் வழக்கானாலும் தீர்ப்பு வேண்டும்
இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மகாஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்

எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இல்லாதவர்களும், ஆயினும் தேர்தல்தோறும் வாக்குச்சாவடிக்குப் போகத் தவறாதவர்களுமான நாங்கள், இவ்விரு நகரங்களின் நன்மை தீமைகளில் பங்குடையவர்கள் என்ற ஒரே உரிமையின் பேரில், இதைத் தங்கள்முன் சமர்ப்பிக்கிறோம். எவரையும் குற்றவாளியென்று தீர்மானிப்பது எங்கள் வேலையன்று. அது நீதிஸ்தலத்தின் வேலை. அந்த நீதிஸ்தலமோ நம் மத்தியிலேயே இருக்கிறது. ஜில்லாவின் தலைநகர் விருதுநகராயினும் ஜில்லா நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அமைந்திருப்பதால், மந்திரிகளின் வழக்குகளும் நம் ஊருக்கே வந்து, வாய்தாவுக்குமேல் வாய்தாவாக நீண்டு வந்திருக்கின்றன.

2006 முதல் 2011 வரை தி.மு.க. ஆட்சியில் மந்திரிகளாயிருந்த கே.கே.எஸ்.எஸ்.ஆர். இராமச்சந்திரன், தங்கம் தென்னரசு ஆகிய இருவர்மீதும், வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்ததாக, அடுத்து வந்த அ.தி.மு.க. ஆட்சியில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குத் தொடுத்தது. பத்தாண்டுகள் கடந்தன. 2021இல் ஆட்சி மாறி அவ்விருவரும் மறுபடி மந்திரிகளானபின், முன்பு குற்றம் உண்டென்று பத்திரம் தாக்கல் செய்த அதே துறை, மேல்விசாரணை என்ற பெயரில் கணக்கைத் திரும்பப் பார்த்து, குற்றம் இல்லையென்று இறுதி அறிக்கை கொடுத்தது. தென்னரசு 2022 டிசம்பரிலும், இராமச்சந்திரன் 2023 ஜூலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதைத் தாமாகவே மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டு, 2024 ஆகஸ்ட் 7ஆம் தேதி அந்த விடுவிப்புகளை ரத்து செய்தார். ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 6ஆம் தேதி, உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்விருவரும் நிரபராதிகளாகவே இருக்கலாம். ஆனால் ஒரே துறை, ஒரே சொத்துக் கணக்கைக் கொண்டு, ஓர் ஆட்சியில் ஒன்றும் மறு ஆட்சியில் வேறொன்றும் சொல்லுமாயின், முன்னே செய்தது அபாண்டமா, பின்னே செய்தது தாட்சண்யமா என்று கேட்கும் பாத்தியதை வரி கட்டுகிற நமக்கு இல்லையா?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அ.தி.மு.க. ஆட்சியில் பால்வளத் துறை மந்திரியாயிருந்து, 2021இல் இராஜபாளையம் தொகுதியில் நின்று தோற்ற கே.டி. ராஜேந்திர பாலாஜிமீது, ஆவின் முதலிய ஸ்தாபனங்களில் உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஏறக்குறைய 3 கோடி ரூபாய் மோசடி செய்தாரென்று அதே ஆண்டில் புகார் எழுந்தது. அவர் அதை மறுத்தார். 2022 ஜனவரி 5ஆம் தேதி கர்நாடகத்தின் ஹாசனில் கைதானார்; ஒரு வாரத்தில் உச்சநீதிமன்றம் இடைக்கால ஜாமீன் அளித்தது. கைதில் காட்டிய வேகம் அதன்பின் காணப்படவில்லை. விசாரணை தாமதப்படுவதைக் கண்டித்து 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்ற, அவ்வுத்தரவும் உச்சநீதிமன்றம் வரை போயிற்று. புகார் உண்மையெனில் பணம் இழந்தவர்களுக்கும், பொய்யெனில் பழி சுமந்தவருக்கும் இத்தனை வருஷத் தாமதம் அநியாயமே.

இவ்விடத்தில் நம்மைப் பற்றியும் சிறிது பேசவேண்டியிருக்கிறது. விரோதக் கட்சிக்காரர் கைதானால் பட்டாசு வெடிக்கிறோம். அபிமானக் கட்சிக்காரரின் வழக்கு ஓசையின்றி மூடப்பட்டால், ‘பழிவாங்கப் போட்ட வழக்குதானே’ என்று சமாதானம் செய்துகொள்கிறோம். அதோடு போகிறதா? ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்றால், பரீட்சை எப்போது என்று விசாரிப்பதற்கு முன் ‘எவ்வளவு கேட்கிறார்கள், யாரைப் பிடித்தால் முடியும்?’ என்று விசாரிப்பது நம் தெருக்களில் சகஜமாகிவிட்டது. நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கும் தகப்பன் பிள்ளையின் வேலைக்காக மனைவியின் நகையை அடகுவைத்து, ரசீதில்லாத பணமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறான். வேலையும் வராமல் பணமும் திரும்பாதபோதுதான் அது மோசடியென்று பெயர் பெறுகிறது. வேலை கிடைத்திருந்தால் அதற்கு நாம் வைத்திருக்கக்கூடிய பெயர் சிபாரிசு. அந்தத் தகப்பன்மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் அவன் நீட்டிய கையைப் பார்த்துத்தான் அரசியலில் பலர் கடை விரித்திருக்கிறார்கள்.

1949இல் சென்னை ராஜதானியின் முதன்மந்திரியாகி, 1952 தேர்தலில் தோற்ற பி.எஸ். குமாரசாமி ராஜா நம் இராஜபாளையத்துக்காரர். தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குத் தானமாக்கியவர். எல்லோரும் அவரைப் போலிருக்க வேண்டுமென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பதவிக்கு வருமுன் இருந்ததும் பதவி போனபின் இருப்பதும் ஊருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அதைத் தெரிந்துகொள்ளச் சட்டம் வழி செய்தே இருக்கிறது. 2002, 2003ஆம் வருஷங்களில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் பயனாக, அபேட்சகர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள வழக்குகளையும் தம் குடும்பச் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். சட்டசபை, பார்லிமெண்டுத் தேர்தல்களில் வழக்குள்ள ஒருவரை நிறுத்தும் கட்சி, வேறு ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் காரணம் பிரசுரிக்க வேண்டுமென்று 2020 பிப்ரவரி 13ஆம் தேதி அந்நீதிமன்றமே கட்டளையிட்டது. ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொல்லிற்று. சுவரொட்டியில் பட்டப்பெயர்களை வரி விடாமல் படிக்கும் நாம் இந்தப் பத்திரத்தைப் படிப்பதில்லை.

2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த நகர்மன்றங்களுக்கு ஐந்தாண்டுதான் ஆயுள். அடுத்த முறை கும்பிட்ட கையோடு வாசலுக்கு வருகிறவர் யாராயினும், ‘உங்கள்மீது வழக்கு உண்டா, அது எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். தாங்கள் ஆதரிக்கும் கட்சிக்காரரிடமே இதை முதலில் கேட்கவேண்டுமென்பது எங்கள் பிரார்த்தனை. பிரமாணப் பத்திரங்கள் வெளியாகும் நாட்களில் எங்களில் இருவர் மூவர் அவற்றின் பிரதிகளுடன் இரண்டு நகராட்சி அலுவலகங்களின் வாசலிலும் மாலைவேளையில் இருப்போம். சட்டப் பிரிவுகளின் எண் புரியாதவர்களுக்கு வாசித்து அர்த்தம் சொல்லுவோம். எந்தச் சின்னத்துக்கு வாக்களிப்பதென்று மட்டும் எங்களைக் கேட்கவேண்டாம்.

இங்ஙனம்,
இரு நகரங்களின் குடிமக்கள் சிலர்